சக்கரம் உரசினால் யார் பொறுப்பு? ஹார்னஸ் பந்தயத்தில் இடையூறும் தண்டனையும்

குதிரைப் பந்தயம் என்றதும் நம் கண்முன் வருவது கிண்டி மைதானமும், குதிரையின் முதுகில் குனிந்து நிற்கும் ஜாக்கியும்தான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், சுவீடன் போன்ற நாடுகளில் இன்னொரு வகைப் பந்தயமும் உண்டு. அதில் குதிரையின் முதுகில் யாரும் இருக்க மாட்டார்கள். பின்னால் இரண்டு சக்கரங்கள் கொண்ட, எலும்பும் தோலுமான ஒரு வண்டி. அதில் ஓட்டுநர் கால்களை முன்னால் நீட்டி, இரண்டு கைகளிலும் கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் வாலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருப்பார். அந்த வண்டிக்குச் சல்கி என்று பெயர். பந்தயத்துக்கு ஹார்னஸ் ரேஸ் என்று பெயர். நம் ஊர் ரேக்ளா வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் சட்டென்று பிடிபட்டுவிடும்.

எட்டு, ஒன்பது, பத்து குதிரைகள், அதே அளவு வண்டிகள், ஒரே பாதை. நெருக்கியடித்து ஓடும்போது ஒருவர் இன்னொருவரின் வழியில் குறுக்கிடத்தான் செய்வார். அப்படிக் குறுக்கிட்டால் என்ன ஆகும்? யார் விசாரிப்பது, எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, தண்டனை குதிரைக்கா, ஓட்டுநருக்கா? இந்தக் கட்டுரை இவற்றைப் பற்றியது. நான் அதிகமும் அமெரிக்க விதிகளை வைத்துச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எங்கே வேறுபடுகின்றன என்பதை வரும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் நடை

இந்தப் பந்தயத்தில் குதிரை தன் இஷ்டத்துக்கு ஓட முடியாது. அதற்கு விதித்த நடை ஒன்று இருக்கிறது. ஒரு வகைப் பந்தயத்தில் வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழ வேண்டும். அப்புறம் இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும். இதை டிராட் என்பார்கள். இன்னொரு வகையில் ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து போக வேண்டும். அது பேஸ். பேஸ் நடைக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கத்து இரண்டு கால்களையும் இணைத்து வார் மாட்டியிருப்பார்கள். நடை கலையாமல் இருக்க அது உதவும்.

நாலுகால் பாய்ச்சல் மட்டும் கூடாது. எந்தக் குதிரையாவது நடை தப்பிப் பாய்ச்சலில் இறங்கிவிட்டால், அமெரிக்க விதிப்படி ஓட்டுநர் மூன்று காரியங்களைச் செய்தாக வேண்டும். இடம் இருந்தால் வெளிப்பக்கமாக ஒதுங்க வேண்டும், கடிவாளத்தை இழுத்துக் குதிரையைப் பழைய நடைக்குக் கொண்டுவர முயல வேண்டும், அந்த நேரத்தில் முன்னேறாமல் பின்தங்க வேண்டும். பாய்ச்சலில் ஓடி ஒரு அடிகூட லாபம் பார்க்கக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

இந்த நடை விஷயம் புரிந்தால்தான் இடையூறு ஏன் இவ்வளவு பெரிய குற்றம் என்பது புரியும். சாதாரணக் குதிரைப் பந்தயத்தில் ஒரு குதிரை லேசாக இடிபட்டால் கொஞ்சம் தடுமாறி, மறுபடி வேகம் பிடித்துவிடலாம். இங்கே அதே இடியில் நடை தப்பிவிடும். நடை தப்பினால் ஒதுங்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்குள் மற்ற எல்லோரும் போய்விடுவார்கள். ஒரு கணத் தவறு, ஒரு முழுப் பந்தயத்தின் விலை.

அடுத்தது சக்கரம். நல்ல குதிரைகள் ஒரு மைலை 1 நிமிடம் 50 விநாடியில் ஓடிவிடும். கணக்குப் போட்டால் மணிக்கு 52 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் பின்னால் வரும் குதிரையின் மூக்கு, முன்னால் போகிற ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். காற்று மறைவுக்காக அப்படி ஒட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். அப்படியென்றால் பின்குதிரையின் முன்னங்குளம்புகள் முன்வண்டியின் சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே விழுந்து எழுகின்றன என்று பொருள். குளம்பு ஆரக்கம்பிகளுக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இப்போது சல்கிச் சக்கரங்களின் இரண்டு பக்கமும் தட்டு வைத்து மூடுகிறார்கள். ஆனாலும் குளம்பு சக்கரத்தில் பட்டால் குதிரை இடறும். விழுந்தால் பின்னால் வருகிறவருக்கு வழியில்லை. முதுகில் ஆள் இருக்கும் குதிரை, கீழே கிடப்பதைத் தாண்டிக் குதித்துத் தப்பினாலும் தப்பும். வண்டி கட்டிய குதிரை எப்படிக் குதிக்கும்? வண்டி மேல் வண்டி ஏறும். இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், விதிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதெல்லாம் இடையூறு

அமெரிக்காவில் யுனைடெட் ஸ்டேட்ஸ் டிராட்டிங் அசோசியேஷன் என்ற அமைப்பின் விதிப் புத்தகம் இதைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. முன்னால் ஓடும் குதிரைக்குப் பாதையின் எந்தப் பகுதியிலும் ஓட உரிமை உண்டு என்று தொடங்கி, உடனே அந்த உரிமைக்கு வேலி போடுகிறது. பின்னால் இன்னொரு குதிரை நெருங்கி இருக்கும்போது, அது தன் கால்வீச்சைக் குறைத்துக்கொள்ளும்படி வலப்பக்கமோ இடப்பக்கமோ மாறக் கூடாது. எனக்கு இந்த அளவுகோல் மிகவும் பிடிக்கும். இத்தனை அடி இடைவெளி வேண்டும் என்று அது சொல்லவில்லை. பின்னால் வந்த குதிரை பாதிக்கப்பட்டதா என்று மட்டும் கேட்கிறது. இரண்டு அடி இடைவெளியில் மாறியும் யாருக்கும் தொந்தரவு இல்லையென்றால் குற்றமில்லை. தாராளமான இடம் இருந்த மாதிரி தெரிந்தும், பின்னால் வந்தவர் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியதாகிவிட்டால் கேள்வி வரும்.

அப்புறம் மற்றவை. சக்கரத்தோடு சக்கரத்தைக் கோத்துவிடுவது. இடித்துத் தள்ளுவது. பக்கத்து வண்டியின் அடியில் தன் சக்கரத்தை நுழைத்து நெருக்குவது. கூட்டத்தின் முன்னால் சட்டென்று குறுக்கே வெட்டுவது. முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு திடீரென்று வேகத்தைக் குறைப்பது. இதில் யாரையும் தொடவே தேவையில்லை, பின்னால் வருகிற ஐந்தாறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் போய் முட்டும்படி ஆகிவிடும். பக்கத்தில் வருகிறவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய் அதிக தூரம் ஓட வைப்பது. கடைசி நேர்ப் பாதையில் ஒரு இடத்தைத் தேர்ந்துகொண்ட பிறகு, மற்றவருக்குத் தொந்தரவாக இங்கும் அங்கும் விலகுவது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒரு விதியும் இதே பட்டியலில் இருக்கிறது. அவசியமில்லாமல் இன்னொரு குதிரைக்கு உள்பக்கமாக வழிவிடுவதும் குற்றம்தான். தெருவில் யாராவது வழிவிட்டால் நன்றி சொல்வோம். இங்கே அந்த மரியாதைக்கு அபராதம் கட்ட வேண்டும். காரணம் எளிது. சின்னச் சுற்றுப்பாதையில் உள்பக்கம்தான் தூரம் குறைந்த வழி. நண்பர் ஒருவருக்கு அதைத் திறந்துவிட்டால், நேர்மையாக வெளிப்பக்கம் சுற்றி வருகிற மற்றவர்களுக்குத் துரோகம் செய்ததாகும். அவர்கள்மேல் பணம் கட்டியவர்களுக்கும்தான்.

இடையூறு நடக்கும் இடங்களில் முக்கியமானது, ஓட்டுநர் உள்ளே மாட்டிக்கொள்ளும் நிலை. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். அரை மைல் சுற்றுப்பாதை, ஒரு மைல் பந்தயம், ஆக இரண்டு சுற்று. அமெரிக்காவில் இடப்பக்கமாகச் சுற்றுவார்கள், அதனால் இடதுபுறம்தான் உள்பக்கம். நம் ஓட்டுநர் உள்பக்க வரிசையில் மூன்றாவது. முன்னால் ஒரு வண்டி, வலப்பக்கம் ஒரு வண்டி, பின்னால் ஒரு குதிரையின் மூச்சு. அவருடைய குதிரையிடம் இன்னும் தெம்பு மிச்சம் இருக்கிறது. கைகளில் இழுப்பு தெரிகிறது. கடைசி வளைவு வந்துவிட்டது. இன்னும் இருபது விநாடி இப்படியே இருந்தால் தெம்போடேயே தோற்க வேண்டியதுதான். வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்க்கிறார். வலப்பக்க வண்டி கொஞ்சம் முன்னேறி, அதன் சக்கரத்துக்கும் அடுத்து வரும் குதிரையின் தலைக்கும் நடுவே ஒரு சந்து தெரிகிறது. வலது வாரை இழுக்கிறார்.

அந்தச் சந்து போதுமானதாக இருந்தால் அவர் கெட்டிக்காரர். போதாமல், வெளிப்பக்கத்தில் அடுத்து வந்துகொண்டிருந்த அந்தக் குதிரை தலையைத் தூக்கி, நடை தப்பி, அதன் ஓட்டுநர் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டியதாகிவிட்டால் அவர் குற்றவாளி. வித்தியாசம் அரை விநாடி. விசாரணை முழுக்க அந்த அரை விநாடியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இரண்டு கேள்விகள், இரண்டு தீர்ப்புகள்

பந்தயம் முடிந்ததும் எழுகிற கேள்விகள் இரண்டு. புதிதாகப் பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கோபமும் அதில்தான் வருகிறது. முதல் கேள்வி: முடிவு வரிசையை மாற்ற வேண்டுமா? இது குதிரையைப் பற்றியது. இரண்டாவது: ஓட்டுநர் தவறு செய்தாரா? இது மனிதரைப் பற்றியது. முதல் கேள்விக்குச் சில நிமிடங்களில் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் கட்டியவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டாவதற்கு அவசரமில்லை. அன்றைக்கே முடியலாம், சில நாள் கழித்தும் நடக்கலாம்.

பந்தயம் முடிந்து திரும்பி வரும்போது, இன்னொருவர்மேல் புகார் சொல்ல விரும்பும் ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே நடுவர்களுக்குச் சைகை காட்டிவிட வேண்டும். இறங்கியதும் நேராகத் தொலைபேசிக்கோ நடுவர் மேடைக்கோ போய்ப் புகாரைச் சொல்ல வேண்டும். விபத்தோ காயமோ ஏற்பட்டிருந்தால் மட்டும் விலக்கு. இறங்கி, தண்ணீர் குடித்து, நாலு பேரிடம் பேசி, யோசித்துவிட்டு வந்து புகார் சொல்ல முடியாது. ஜோடித்த புகார்களைத் தடுக்க இதைவிட நல்ல வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் புகார் சொல்லாவிட்டாலும் நடுவர்களே விசாரணையைத் தொடங்கலாம். எது நடந்தாலும் அந்தக் கேள்வி தீரும்வரை முடிவை அதிகாரபூர்வமாக அறிவிக்க மாட்டார்கள்.

நடுவர்கள் பல கோணங்களில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள், ஓட்டுநர்களிடம் பேசுவார்கள். இடையூறு நடந்தது என்று முடிவானால், தவறு செய்த குதிரையைப் பின்னுக்குத் தள்ளலாம். எவ்வளவு பின்னுக்கு? அது எந்தக் குதிரைக்கு இடையூறு செய்ததோ அந்தக் குதிரைக்கும் பின்னால். இடையூறால் அந்தக் குதிரை பந்தயத்தை முடிக்கவே முடியாமல் போயிருந்தால், தவறு செய்த குதிரைக்குப் பரிசுப் பணமே இல்லாமல் செய்துவிடலாம்.

இந்த விதி எவ்வளவு வலிமையானது என்பதை 2017 ஆகஸ்டில் உலகமே பார்த்தது. அமெரிக்காவின் டிராட் பந்தயங்களில் மிகப் பெருமைக்குரியது ஹாம்பிள்டோனியன். 1926இல் தொடங்கியது, மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. நியூ ஜெர்சியில் மெடோலேண்ட்ஸ் மைதானத்தில் நடந்த அந்த ஆண்டின் இறுதிப் பந்தயத்துக்குப் பரிசுத் தொகை பத்து லட்சம் டாலர். வாட் தி ஹில் என்ற குதிரை முதலாவதாகக் கோட்டைத் தாண்டியது. ஆனால் கடைசி நேர்ப் பாதையில் அது கார்டியன் ஏஞ்சல் ஏஎஸ் என்ற குதிரைக்கு இடையூறு செய்ததாகவும், அதனால் அந்தக் குதிரை நடை தப்பியதாகவும் நடுவர்கள் முடிவு செய்தார்கள். வெற்றி பெர்ஃபெக்ட் ஸ்பிரிட் என்ற குதிரைக்குப் போனது. அதன் பயிற்சியாளரும் ஓட்டுநரும் ஒருவரே, சுவீடனைச் சேர்ந்த ஓகே ஸ்வான்ஸ்டெட்.

வாட் தி ஹில்லுக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். ஏன் இரண்டாவது இடமாவது கொடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். மேலே சொன்ன விதிதான் காரணம். நடை தப்பிய குதிரை பின்தங்கிப் போனது. அதற்கும் பின்னால்தான் இதை வைக்க முடியும். கோட்டைத் தாண்டியபோது யார் வேகமான குதிரை என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. வாட் தி ஹில் நல்ல குதிரை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை நேசித்தவர்களுக்கு அன்று எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் நடை தப்பிய குதிரையின் ஆட்களுக்கும் அது வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைத்த வாய்ப்பு. ஒரு குதிரை ஒரு முறைதான் மூன்று வயதாக இருக்கும்.

குதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதாலேயே ஓட்டுநர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் நேராகப் பிடித்தும் குதிரை தானாக ஒருபக்கம் சாய்ந்து ஓடலாம். கடிவாளமோ வேறு வாரோ அறுந்திருக்கலாம். பாதிக்கப்பட்ட குதிரைக்கு நியாயம் கிடைக்க வேண்டும், அதனால் வரிசை மாறும். ஓட்டுநர்மேல் பழி இல்லை. நேர்மாறாகவும் நடக்கும். ஓட்டுநர் மோசமாகவே நடந்திருப்பார், ஆனால் அது யாருடைய இடத்தையும் பாதித்திருக்காது. வரிசை அப்படியே நிற்கும், ஓட்டுநர் மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

ஓட்டுநரின் தவறை எப்படி எடை போடுவது

ஆஸ்திரேலிய விதிப் புத்தகத்தின் 168ஆம் விதி இதற்குத் தெளிவான படிகளை வைத்திருக்கிறது. கவனக்குறைவாக ஓட்டுவது, பொறுப்பற்று ஓட்டுவது, திறமையில்லாமல் ஓட்டுவது, முறைகேடாக ஓட்டுவது, அராஜகமாக ஓட்டுவது என்று தனித்தனிச் சொற்கள். நடைமுறையில் அடிக்கடி வரும் குற்றச்சாட்டு முதலாவதுதான். தோளுக்கு மேல் பார்த்தார், இடம் இருக்கிறது என்று நினைத்தார், இல்லை. இது கவனக்குறைவு. இடம் இல்லை என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும், யாருக்கு என்ன ஆனாலும் சரி என்று நுழைந்தால் அது பொறுப்பற்ற செயல். வேண்டுமென்றே இன்னொருவரைக் கெடுக்க நினைத்துச் செய்தால் அது கடைசிப் படி.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். வீடியோவில் தெரிவது ஒரு வண்டி விலகுவது மட்டும்தான். மனதுக்குள் என்ன இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவமுள்ள ஸ்டூவர்டுகள், அதாவது பந்தயத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகள், கைகளைப் பார்ப்பார்கள். விலகும் முன் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தாரா? எந்த வாரை இழுத்தார்? குதிரை சாயத் தொடங்கியதும் எதிர்வாரை இழுத்துத் திருத்தினாரா, அல்லது சாட்டையை மட்டும் வீசிக்கொண்டிருந்தாரா? பின்னாலிருந்து கத்திய சத்தம் கேட்ட பிறகும் தொடர்ந்தாரா? திருத்த முயன்ற கையும் திருத்த முயலாத கையும் வீடியோவில் வேறு வேறாகத்தான் தெரியும்.

விசாரணையில் ஓட்டுநருக்குப் பேச உரிமை உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், வீடியோவை நிறுத்தச் சொல்லித் தன் தரப்பைக் காட்டலாம். ஒப்புக்கொண்டால் தண்டனையில் கொஞ்சம் சலுகை கிடைப்பது வழக்கம். அப்புறம் அவருடைய பழைய பதிவைப் பார்ப்பார்கள். வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான பந்தயம் ஓட்டுகிறவர் ஒரு தடவை தவறினால் ஒரு கணக்கு. கொஞ்சமே ஓட்டியும் அடிக்கடி வந்து நிற்கிறவருக்கு வேறு கணக்கு. விளைவும் எடைக்கு வரும். யாராவது கீழே விழுந்திருந்தால், அதே கவனக்குறைவுக்குத் தண்டனை கூடும். தவறு அதேதான், அதிர்ஷ்டம் மட்டும் வேறு என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் குளம்புகளுக்கு நடுவே நுழைகிறவர் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் நுழைகிறார்.

யார் தீர்ப்புச் சொல்வது என்பதிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. ஆஸ்திரேலியாவில் சாதாரணக் குற்றங்களுக்குக் குற்றம் சாட்டுவதும் முதல் தீர்ப்புச் சொல்வதும் ஸ்டூவர்டுகள்தான். தீர்ப்பு பிடிக்காதவர் தனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விக்டோரியா மாநிலத்தில் 2019 முதல் விக்டோரியன் ரேசிங் டிரைபியூனல் அந்த வேலையைச் செய்கிறது. நியூசிலாந்தில் ஸ்டூவர்டுகள் குற்றம் சாட்டுவதோடு சரி. தீர்ப்பு சொல்வது வேறொரு குழு. 2021 ஜூலையிலிருந்து இவை ரேசிங் இன்டக்ரிட்டி போர்டு என்ற அமைப்பின் கீழ் இருக்கின்றன. குற்றம் சாட்டுகிறவரே நீதிபதியாகவும் இருப்பதைவிட இந்த ஏற்பாடு நல்லது என்பது என் எண்ணம். தோற்ற ஓட்டுநருக்கும் தன் பேச்சை யாரோ புதிதாகக் கேட்டார்கள் என்ற நிம்மதி கிடைக்கும்.

அபராதமா, தடையா

அமெரிக்க விதிப்படி இடையூறு செய்த ஓட்டுநருக்கு, அந்தப் பந்தயத்தின் மொத்தப் பரிசுத் தொகை வரைக்கும்கூட அபராதம் போட இடமுண்டு. ஓட்டுவதற்குத் தடை விதிக்கலாம், அடியோடு நீக்கவும் செய்யலாம். வழக்கத்தில் வருவது சிறு அபராதமும் சில நாள் தடையும்தான்.

ஓட்டுநரின் வருமானத்தைத் தெரிந்துகொண்டால் எது வலிக்கும் என்று புரியும். வட அமெரிக்காவில் பரிசுப் பணத்தை முதல் ஐந்து குதிரைகளுக்கு 50, 25, 12, 8, 5 சதவீதம் என்று பிரிப்பது பழைய வழக்கம். அதில் குதிரை சம்பாதித்ததில் 5 சதவீதம் ஓட்டுநருக்கு. பத்தாயிரம் டாலர் பந்தயத்தில் ஜெயித்தால் குதிரைக்கு ஐயாயிரம், ஓட்டுநருக்கு 250 டாலர். முன்னணி ஓட்டுநர் ஒரே இரவில் எட்டுப் பத்துப் பந்தயம் ஓட்டுவார். அவருக்கு இருநூறு டாலர் அபராதம் ஒரு பொருட்டே இல்லை. ஐந்து நாள் தடை என்றால் அந்த ஐந்து நாள் வருமானமும் போய்விடும். அதைவிட முக்கியம், அவர் வழக்கமாக ஓட்டும் நல்ல குதிரையை அந்த நாட்களில் இன்னொருவர் ஓட்டுவார். ஜெயித்துவிட்டால் குதிரை அவரிடமே தங்கிவிடவும் கூடும். அதனால்தான் திரும்பத் திரும்பக் குறுக்கிடுகிறவர்களுக்கு அபராதம் போதாது, தடைதான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இரவுக்கு ஒரு குதிரை ஓட்டிப் பிழைக்கிற சின்ன ஓட்டுநருக்கோ அதே இருநூறு டாலர் ஒரு வார லாயச் செலவாக இருக்கலாம்.

ஒரு மாநிலத்தில் தடை வாங்கியவர் பக்கத்து மாநிலத்துக்குப் போய் ஓட்டிவிட முடியாது. ஒரு இடத்தில் விதித்த தடையை மற்ற இடங்களும் மதிக்கின்றன. மேல்முறையீடு செய்து, அது முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்க மட்டும் வழியுண்டு. உண்மையாகவே அநியாயம் நடந்தவருக்கு அது தேவை. பெரிய பந்தயம் முடியும்வரை தடையைத் தள்ளிப்போடுவதற்கும் அதே வழியைப் பயன்படுத்த முடியும். அப்படிச் செய்யும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மேல்முறையீட்டில் முடிவு வரிசையே மாறினால் பரிசுப் பணம் கைமாறும். டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. அன்று மைதானத்தில் அதிகாரபூர்வம் என்ற அறிவிப்பு எரிந்த கணத்தில் எது வரிசையோ, அதன்படி கொடுத்ததுதான் கணக்கு. அதனால் விசாரணை நடக்கும்போது ஒலிபெருக்கியில் ஒன்றையே திரும்பச் சொல்வார்கள்: முடிவு அறிவிக்கும்வரை டிக்கெட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.